வேடியப்பன் கட்டிய அபராதம்

கவுஸ் பாஷா, வேடியப்பனுக்கு எட்டாயிரத்து ஐந்நூற்று இருபது ரூபாய் கடன்பட்டிருந்தார். கைமாற்றாக வாங்கியது அல்ல, வட்டிக்கு வாங்கியதும் அல்ல. அந்தப் பணத்தில் ஒற்றை ரூபாயைக்கூட அவர் கண்ணால் பார்த்ததில்லை. வருமான வரிக்காரர்களுக்கு வேடியப்பன் கட்டிய அபராதமும் வட்டியும் சேர்ந்த தொகை அது. ஆனாலும் அது கவுஸ் பாஷாவின் கடன்தான். வேடியப்பன் ஒரு நாளும் வந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட நாலு வார்த்தை பேசிச் சமாளித்திருப்பார். கேட்காததுதான் அவரை அரித்தது.

இத்தனைக்கும் கடன் என்கிற வார்த்தையே ஆகாத மனுஷன் அவர். ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் பதினேழு வயதில் டைல்ஸ் கடையில் லோடு இறக்கப் போனவர். ஒரு பெட்டி முப்பது கிலோ. மற்றவர்கள் ஒன்று தூக்கினால் இவர் இரண்டு தூக்குவார். லோடு இறக்கியவர் குடோனைப் பார்த்துக்கொண்டார், குடோனிலிருந்து கடைக்குள் வந்து வியாபாரம் பேசினார், கடைசிப் பன்னிரண்டு வருஷம் அவர்தான் மேனேஜர். ஆசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரர்கள் வாடகைக்கு இருக்கிற வீடுகளில் பாதிக்குத் தரை அவர் தேர்ந்தெடுத்துக் கொடுத்த தரை. எந்த லாட்ஜில் எந்த மாடியில் எந்தக் கல் ஒட்டியிருக்கிறது என்று இன்றைக்குக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். படித்த இன்ஜினியர்கள் அவரிடம் வந்து சதுர அடிக் கணக்குச் சரிபார்த்துக்கொண்டு போனார்கள். இதெல்லாம் பொய்யில்லை. கொஞ்சம் அதிகமாகச் சொல்வார், அவ்வளவுதான்.

அந்தக் கடையில் மாதாமாதம் கவரில் சம்பளம் வரும். பி.எஃப்., வாங்கின அட்வான்ஸ் எல்லாம் பிடித்தது போக மீதி. பிடித்தது பிடித்ததுதான், கைக்கு வந்தது நம்முடையது. முப்பத்து மூன்று வருஷத்தில் பணத்தைப் பற்றி அவர் கற்றுக்கொண்ட பாடம் இது ஒன்றுதான். அந்தப் பாடத்தோடுதான் ஐம்பதாவது வயதில் வேலையை விட்டார்.

வேங்கிக்கால் தாண்டி வயல்கள் எல்லாம் மனைகளாகிக்கொண்டிருந்த நேரம். ஒரு மனை வாங்க ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து விட்டால் முப்பதாயிரம், நாற்பதாயிரம் என்று கமிஷன். கவுஸ் பாஷாவுக்கு ஊரெல்லாம் பழக்கம். வீடு கட்டினவனையும் தெரியும், கட்டப் போகிறவனையும் தெரியும். இறங்கின முதல் ஆறு மாதத்திலேயே பழைய முதலாளியைவிட நல்ல சட்டை போட ஆரம்பித்தார். கூடவே அடி அண்ணாமலையிலிருந்து வேடியப்பனையும் இழுத்துக்கொண்டார். பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன் அவன். அதிகம் பேசமாட்டான். ஆனால் சுற்றுப்பட்டுக் கிராமங்களில் அவன் ஒருவன் வந்து சொன்னால் ஜனம் நம்பும். அவன் மனைவி தனம் கிரிவலப் பாதையில் ஒரு சின்னக் கடை வைத்திருந்தாள்.

"வேனை வுட்டுட்டு வா வேடி. பைக் ஒண்ணு இருந்தா போதும். உன்ன நான் ஆளாக்கிக் காட்டறேன்."

வந்தான். அவனும் சம்பாதித்தான். மனை விற்கிற கம்பெனி, கமிஷனில் வரி என்று கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியை இரண்டு பேருக்கும் பேங்கில் போட்டுக்கொண்டிருந்தது.

காலையில் இருவரும் சந்திக்கிற இடம் முருகையன் டீக்கடை. கலெக்டர் ஆபீசுக்கு வருகிறவர்கள், மனை புரோக்கர்கள், பத்திரம் எழுதுகிறவர்கள் என்று எப்போதும் ஏழெட்டுப் பேர் நிற்பார்கள். இரண்டாயிரத்து இருபத்தைந்து பிப்ரவரியில் ஒரு நாள், அத்தனை பேர் நடுவில் வேடியப்பன் கேட்டான்.

"பாய், நம்ம வரி கிரி எதனா கட்டணுமா? இங்க ரேவதினு ஒரு மேடம் ஆபீஸ் போட்டிருக்காங்களாம். ஆயிரத்தைநூறு வாங்கிக்கினு எல்லாம் பாத்துக் குடுக்கறாங்களாம். போயி கேட்டுக்கினு வானு தனம் சொல்லுது."

கவுஸ் பாஷா டீயை ஒரு ஆற்று ஆற்றினார்.

"உன் வீட்ல துட்டு ஜாஸ்தியாயிடுச்சா? புடிச்சிக்கினுதான குடுக்கறான் கம்பெனிக்காரன்? புடிச்சப்புறம் என்னா வரி? டிவி பாக்கறியா இல்லியா நீ? பன்னெண்டு லட்சம் வரைக்கும் ஒரு பைசா கெடயாதுனு சொல்லிட்டாங்க. நீ என்னா பன்னெண்டு லட்சமா சம்பாரிச்சிட்ட?"

"இல்ல பாய். பத்துகிட்ட வரும்."

"அப்பறம் என்னா? ஒம்போதாவது படிச்சவன் சொல்றேன், எழுதி வெச்சிக்க. முருகையா, நீயும் கேட்டுக்க. இவனுக்கு வரி, ஃபைன்னு எவனாச்சும் பேப்பர நீட்டினா அத நான் கட்றேன். கவுஸ் பாஷா கட்றேன்."

"பாயே சொல்லிட்டாரு, பத்திரம் பதிஞ்ச மாதிரி" என்றான் முருகையன். எல்லாரும் சிரித்தார்கள். வேடியப்பனும் சிரித்தான். ரேவதியிடம் அவன் போகவில்லை.

செப்டம்பர் முதல் வாரம் கவுஸ் பாஷாவின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. இங்கிலீஷில் இருந்தது. வரி என்பதும் பதினைந்தாம் தேதி என்பதும் அவருக்குப் புரிந்தது. மீதி புரியவில்லை. புரியாததை யாரிடமும் காட்டிப் பழக்கமில்லை. மத்தியானம், டீக்கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, பைக்கை அடுத்த தெருவில் நிறுத்திவிட்டு ரேவதியின் ஆபீசுக்கு நடந்து போனார். யாராவது பார்த்துவிட்டால் மனை விஷயமாக வந்தேன் என்று சொல்லவேண்டும் என்பதையும் யோசித்து வைத்திருந்தார்.

ரேவதிக்கு நாற்பது வயதிருக்கும். கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"பாய், கம்பெனி புடிச்சது அட்வான்ஸ் மாதிரிதான். மொத்த வருமானத்துக்கு வரி எவ்ளோ வருதுனு கணக்கு போட்டு, புடிச்சது போக மீதிய நாமளேதான் கட்டணும். அதுவும் வருஷக் கடைசில இல்ல, நாலு தவணையா முன்னாடியே கட்டியிருக்கணும். கட்டலன்னா மாசத்துக்கு ஒரு பர்சன்ட் வட்டி."

"கடையில இருந்தப்ப இதெல்லாம் கெடயாதேம்மா."

"அப்ப உங்களுக்கு ஒரு மொதலாளி இருந்தாரு. இப்ப நீங்கதான மொதலாளி?"

முதலாளி என்று யாராவது சொன்னால் கவுஸ் பாஷாவுக்கு முகம் மலரும். அன்றைக்கு மலரவில்லை.

"பன்னெண்டு லட்சம் வரைக்கும் இல்லன்னாங்களே?"

"அது இந்த ஏப்ரல்லேர்ந்து சம்பாரிக்கறதுக்கு. நீங்க கணக்கு காட்டப்போறது அதுக்கு முன்னாடி வருஷம். எல்லாருமே இப்டிதான் நெனச்சிக்கினு இருக்காங்க. நல்லவேள, தேதிக்குள்ள வந்தீங்க. தாண்டியிருந்தா வட்டி மேல அஞ்சாயிரம் லேட் ஃபீஸ் வேற. உங்கள மாதிரி கமிஷன் வாங்கறவங்க யாராச்சும் இருந்தா சீக்கிரம் வரச் சொல்லுங்க பாய்."

"சொல்றேன்மா" என்றார்.

வட்டியோடு ஐம்பத்தைந்தாயிரத்துச் சொச்சம் கட்டினார். பழைய கார் ஒன்று வாங்க ஒதுக்கி வைத்திருந்த பணம். கார் தள்ளிப்போனது பெரிதாகப் படவில்லை. ஆயிரத்தைந்நூறு கொடுத்து ரேவதியின் மேஜை முன்னால் உட்கார்ந்ததுதான் சட்டைக்குள் அரிப்பு மாதிரி இருந்தது. வேடியிடம் தனியாகச் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டார். நினைப்பு உண்மைதான்.

மூன்றாம் நாள் காலை டீக்கடையில் வேடியப்பன் போனை நீட்டினான்.

"பாய், எனக்கு இங்கிலீஷ்ல என்னமோ வந்துருக்குது. வரினு போட்டிருக்குது. உங்களுக்கும் வந்துச்சா?"

அதே செய்திதான். ஏழெட்டுப் பேர் டீ குடித்துக்கொண்டு நின்றார்கள். முருகையன் பால் பாத்திரத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தான். பத்திரம் எழுதுகிற சரவணகுமார், "பாய், பத்திரம் பதிஞ்சிட்டீங்க, ஞாபகம் இருக்குதா?" என்று கிண்டலாகக் கேட்டார்.

அந்த இடத்தில் கவுஸ் பாஷா சொல்லவேண்டியது ஒரே வரி. தப்பாச் சொல்லிட்டேன் வேடி, நான் போயி கட்டிட்டேன், நீயும் போயி கட்டு. அவ்வளவுதான். முப்பது கிலோப் பெட்டி இரண்டை ஒன்றாகத் தூக்கின மனுஷனுக்கு அந்த ஒரு வரியைத் தூக்க முடியவில்லை.

"எல்லாருக்கும் வர்றதுதான் வேடி. உடு" என்றார்.

வேடியப்பன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

நாளைக்குத் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தார். நாளைக்கு ஒரு பார்ட்டி மனை பார்க்க வந்தது. அதற்கு மறுநாள் வேடியப்பன் வரவில்லை. பதினான்காம் தேதி இருவரும் ஒரே பைக்கில் அவலூர்ப்பேட்டை ரோடு வரைக்கும் போய்வந்தார்கள். வழியெல்லாம் கவுஸ் பாஷா தான் குடோன் பார்த்த காலத்துக் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். பதினைந்து தாண்டியது. தாண்டின பிறகு சொன்னால், ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று கேட்பான். அதற்கும் சேர்த்துப் பதில் வேண்டும். இப்படியே அக்டோபர் போனது. கம்பெனிக்காரன் இவனுக்கு ஜாஸ்தியாகப் பிடித்திருப்பான், ஒன்றும் வராது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவும் பழகிக்கொண்டார்.

நவம்பரில் வந்தது. தனம் கடையைக் கொஞ்சம் பெரிதாகப் போட பேங்கில் லோன் கேட்டிருந்தாள். புருஷன் வருமான வரிக் கணக்குக் காட்டின காகிதம் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வேடியப்பன் நேராகக் கவுஸ் பாஷாவிடம் வந்தான்.

"வாங்க பாய், அந்த மேடத்த ஒரு எட்டு பாத்துட்டு வந்துடலாம். உங்களுக்கும் பாக்கி இருக்கும்ல? சேந்தே கட்டிடலாம்."

கோபமே இல்லாமல்தான் சொன்னான். இரண்டு பேரும் ஒரே குழியில் விழுந்திருக்கிறோம் என்று நினைத்தான். வேலை இருக்கிறது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். கவுஸ் பாஷா அப்படிச் செய்யவில்லை. ஏறி உட்கார்ந்தார். போகிற வழியில் சொல்லிவிடலாம் என்ற எண்ணம். ரேவதியின் ஆபீஸ் எட்டு நிமிஷ வழி. எட்டு நிமிஷமும் வேடியப்பனின் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ரேவதி நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "வாங்க பாய். அடுத்த தவணை டிசம்பர்லதான? உங்களுது எல்லாம் செப்டம்பர்லயே முடிச்சிட்டமே." பிறகு வேடியப்பன் நீட்டின காகிதங்களை வாங்கிப் பார்த்தாள். "இவரும் அதே கம்பெனியா? ஐயோ, என்னா பாய், இவருக்கு நீங்க சொல்லவே இல்லியா?"

வேடியப்பன் திரும்பி ஒரே ஒரு தடவை பார்த்தான். திட்டியிருந்தால் தேவலை. வேனில் ஒரு குழந்தை குறைகிறபோது, எங்கே விட்டுவிட்டோம் என்று யோசிக்கிற மாதிரிப் பார்வை. கவுஸ் பாஷா தரையைப் பார்த்தார். அவர் கடையில் விற்ற கல்தான்.

வரி பாக்கி இருபத்தோராயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது. வட்டி மூவாயிரத்து ஐந்நூற்று இருபது. தேதி தவறியதற்கு ஐயாயிரம். வேடியப்பன் அத்தனையையும் சின்னக் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டான். வெளியே வந்து பைக்கைக் கிளப்பினான்.

"ஏறுங்க பாய். கொண்டாந்து உடறேன்."

அந்தச் சவாரிதான் கவுஸ் பாஷாவின் ஐம்பத்திரண்டு வருஷத்தில் மிக நீளமான சவாரி. டீக்கடை முன்னால் இறக்கிவிட்டான். "ஒரு டீ சாப்ட்டுப் போ வேடி" என்றார். "தனம் காத்துக்கினு இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அவன் அந்தக் கடையில் டீ குடிக்கவில்லை.

கார்த்திகை தீபத்துக்கு லட்சக்கணக்கில் ஜனம் மலையைச் சுற்றுகிறது. தனத்தின் கடைக்கு வருஷத்து வியாபாரத்தில் பாதி அந்த மூன்று நாளில்தான். கவுஸ் பாஷா ஒரு பார்ட்டியை ரோட்டோரம் இறக்கிவிட்டு வரும்போது கடையைப் பார்த்தார். தண்ணீர் பாட்டில் அட்டைப்பெட்டிகள் வழக்கமாகக் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும் இடத்தில் முழங்கால் உயரத்துக்குத்தான் இருந்தன. பிஸ்கட் தொங்குகிற கயிறு காலியாக ஆடியது. வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். சரக்கு எடுக்க வைத்திருந்த பணம் எங்கே போனது என்று யாரும் அவருக்குச் சொல்லவேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டார். நல்ல கணக்கில்லை அது. வரி அவன் வரி, அதை அவன்தான் கட்டவேண்டும். வட்டியில் பாதி செப்டம்பருக்கு முந்தியது, அதுவும் தன் தலையில் வராது. ஐயாயிரம் மட்டும்தான் தன் பொறுப்பு. அதிலும் படித்துப் பார்க்காதது அவன் தப்பு இல்லையா, ஆக இரண்டாயிரத்தைந்நூறு. இந்த இடத்துக்கு வந்தபோது அவருக்கே வெட்கமாகிவிட்டது. போனை எடுத்து எட்டாயிரத்து ஐந்நூற்று இருபதையும் ஜி-பேயில் வேடியப்பனுக்கு அனுப்பினார். ஒரு வார்த்தை எழுதவில்லை. பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது.

பத்து நிமிஷத்தில் போன் மணியடித்தது. எட்டாயிரத்து ஐந்நூற்று இருபது ரூபாய் வரவு. வேடியப்பனிடமிருந்து.

மனைவி ரஹமத் எட்டிப் பார்த்தாள். "என்னாங்க, யாரு போட்டது?"

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னார். ரேவதி ஆபீசுக்கு ஒளிந்து போனது வரைக்கும். ரஹமத் எதிரில் வந்து உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்.

"அந்த மெசேஜ காட்டி கேட்டப்ப உடுனு சொன்னீங்களா?"

"ம்."

"நீங்க கட்டிட்டு வந்தப்புறமா?"

"அதான் சொல்றேனே."

"எனக்கே மூஞ்சத் தூக்க முடியல. தனம் மூஞ்சில நான் எப்டி முழிப்பேன்?" எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அடுத்த நாள் காலை கவுஸ் பாஷா பத்தாயிரம் ரூபாயை ரொக்கமாக எடுத்துக்கொண்டு அடி அண்ணாமலைக்குப் போனார். வேடியப்பன் கடைக்குப் பின்னால் காலி அட்டைகளை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தான். தனம்தான் வந்தாள்.

"வாங்கண்ணா."

"இந்தாம்மா. பத்தாயிரமா வெச்சிக்க. சரக்கு எடுக்க ஆவும்."

நோட்டுக்கட்டை நீட்டும்போது அவரை அறியாமலே கை கொஞ்சம் மேலே இருந்தது, தருமம் கொடுக்கிற மாதிரி. தனம் அந்தக் கையைப் பார்த்தாள்.

"நாங்க எப்பண்ணா உங்ககிட்ட சரக்குக்குத் துட்டு கேட்டோம்?"

"கேக்கல. நானாத்தான்..."

"ஃபைன் வந்தா கட்றேன்னு சொன்னீங்களாம். எங்க சொன்னீங்க?"

"டீக்கடைல."

"எல்லாரும் இருந்தாங்களா?"

"இருந்தாங்க."

"அவங்க எல்லாரும் இப்ப என்னா பேசறாங்க தெரியுமா? வேடியப்பன் படிக்காத ஆளு, ஃபைன் கட்டிட்டான்னு பேசறாங்க. மனை வாங்க வந்தவரு ஒருத்தரு, உனக்கே உன் கணக்கு தெரியல, எனக்கு என்னா பத்திரம் காட்டப்போறேனு கேட்டுட்டுப் போயிட்டாராம். இவரு வந்து என்கிட்ட சொல்லல. வேற ஆளு சொல்லித்தான் தெரியும்." அவள் குரல் ஏறவே இல்லை. "சொன்ன எடத்துல குடுங்கண்ணா. நான் வந்து வாங்கிக்கறேன்."

கவுஸ் பாஷா வேடியப்பன் பக்கம் பார்த்தார். அவன் சணலை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான்.

"அது சொல்றதுதான் பாய்" என்றான் நிமிராமல்.

மறுநாள் எட்டரை மணிக்கு முருகையன் கடையில் வழக்கமான கூட்டம். பைக்கில் வேடியப்பனும் தனமும் வந்து இறங்கினார்கள். அந்தக் கடைக்குப் பெண்கள் அதிகம் வருவதில்லை. பேச்சு தானாகக் குறைந்தது.

கவுஸ் பாஷா டீ கிளாசைக் கீழே வைத்தார். நாலு பேர் முன்னால் பேசுவது அவருக்குப் புதிதில்லை. தன் தப்பைச் சொல்வதுதான் புதிது.

"முருகையா, அந்த அடுப்பக் கம்மி பண்ணு. எல்லாரும் கேட்டுக்கங்க. இந்த எடத்துல வரியே கெடயாதுனு இவன்கிட்ட சொன்னது நான். தப்பாச் சொன்னேன். அதுகூடப் பரவால்ல, தெரியாம சொன்னது. செப்டம்பர்ல எனக்குத் தெரிஞ்சிபோச்சி. நான் ஒளிஞ்சி போயி கட்டிட்டேன். அதுக்கப்பறம் இவன் போன காட்டி கேட்டான். உடுனு சொல்லிட்டேன். நீங்க எல்லாரும் பாத்துக்கினு இருந்தீங்க, அதுக்காவ சொல்லிட்டேன். இவன் ஃபைன் கட்னது என்னாலதான். இவன் கணக்குல தப்பு கெடயாது."

யாரும் சிரிக்கவில்லை. சரவணகுமார் மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்து, கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டார்.

தனம் வலது கையை நீட்டினாள்.

கவுஸ் பாஷா பத்தாயிரத்தையும் அப்படியே வைக்கப் போனார். அவள் கையை மூடிக்கொண்டாள்.

"எங்க கணக்கு மட்டும் போதும்ணா. எண்ணிக் குடுங்க."

ஐந்நூறு ரூபாய் நோட்டுகள்தான் இருந்தன. ஒன்றை முருகையனிடம் நீட்டினார். அவன் கல்லாவைத் துழாவி நூறுகளும் பத்துகளுமாகக் கொடுத்தான். மிச்சத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு, தனத்தின் விரித்த கையில் ஒவ்வொரு நோட்டாக வைத்தார். ஆயிரம், இரண்டாயிரம் என்று சத்தமாகவே எண்ணினார். எட்டாயிரத்து ஐந்நூறு வரைக்கும் பதினேழு நோட்டு. அதற்கு மேல் ஒரு பத்து ரூபாய். அதற்கு மேல் இன்னொரு பத்து ரூபாய்.